அப்பாவின் காரை இடித்தவர்

1

அப்பா இறந்து ஒரு வருடம் முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது அவருடைய காரை ஒருவர் இடித்துவிட்டார். பெரிய சேதம் இல்லை. பின்பக்கம் இடது விளக்கு நொறுங்கியது, பம்பர் உள்ளே போனது, டிக்கி மூடி கோணிக்கொண்டது. மத்திகிரியில் எங்கள் வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்த கார்.

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று ஓசூரிலிருந்து படிக்கிறவர்கள் கேட்பீர்கள். ஷிப்ட் விடுகிற நேரத்தில் சிப்காட் பக்கம் வந்து பார், கோடு விழாத வண்டி ஒன்றைக் காட்டு பார்க்கலாம் என்பீர்கள். வாஸ்தவம்தான். நானும் அந்த ஊர்க்காரிதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். மருத்துவமனையில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குகிற பிரிவில் வேலை. அன்றைக்கு வேலை முடிந்து டிராமில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"வண்டிய இடிச்சிட்டான்டி" என்றாள்.

"யாரு?"

"கம்பெனி வேன் ஓட்டறவன். காலைல ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிச்சிட்டானாம். சாயந்தரம் அவனே வந்து சொல்றான்."

"அவனே வந்து சொன்னானா? நல்லவனாத்தான் இருக்கான்."

"அதான்டி பயமா இருக்குது" என்றாள் அம்மா.

2

அம்மா ஏன் பயந்தாள் என்று சொல்வதற்கு முன்னால் இங்கே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்த புதிதில், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், என் காருக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் குடை இல்லாமல் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். அவர் கதவைத் திறக்கும்போது என் காரில் உரசிவிட்டதாம். ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். நானாக இருந்தால் எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். அவரோ போலீசுக்கே போன் செய்து வைத்திருந்தார்.

இந்த ஊர்ச் சட்டம் அப்படி. நிற்கிற வண்டியை இடித்துவிட்டு ஓடினால் குற்ற வழக்கு. பெயரையும் நம்பரையும் எழுதி வைப்பரில் செருகிவிட்டுப் போனால்கூடப் போதாது. காத்திருக்க வேண்டும், யாரும் வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அந்தக் கீறலை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எனக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. கீறலுக்கு என்ன வார்த்தை என்று தெரியாமல், கார் அழுகிறது என்கிற மாதிரி எதையோ சொல்லிவைத்தேன். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். பிறகு வீட்டுக்கு இன்சூரன்ஸ் கடிதங்கள் வந்தன, நான் கையெழுத்துப் போட்டேன், கார் சரியாகி வந்தது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு போனில் இதைச் சொன்னபோது, "அந்த ஊர் போலீசுக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சம்பவம் முழுக்க யாருமே, "வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா, அவர்கிட்ட பேசிக்கறோம்" என்று சொல்லவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

3

அப்பா சவரிமுத்து, குருபரப்பள்ளிப் பக்கம் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்து, ரிட்டையர் ஆகும்வரை அதே கம்பெனி. அவர் வேலை செய்த காலம் பூராவும் மத்திகிரியில் வாடகை வீடுகள்தான். ஒரு ஓனர் தண்ணீர் விடமாட்டார், ஒரு ஓனரம்மா கறி சமைத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார். ரிட்டையர் ஆனபின் மாட்டுப்பண்ணையைத் தாண்டிப் புதிதாகப் போட்ட மனைகளில் ஒரு சின்ன வீட்டை வாங்கினார். கூடவே பழைய கார் ஒன்று. வீட்டுக்குள் போட இடமில்லை, வாசலில்தான் நிற்கும்.

அந்த வீட்டுக்குக் குடிபோன கையோடு இருவரும் என்னிடம் வந்தார்கள். மூன்று மாத விசா. திரும்பிப் போகச் சில நாட்கள் இருக்கும்போது, என் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. பிரயோஜனம் இல்லை.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தூதரகம், மொழிபெயர்ப்பு, முத்திரை என்று நாள்கணக்கில் இழுக்கும் என்றார்கள். அம்மாதான் முடிவு செய்தாள். "அவர ஐஸ் பொட்டில வெச்சிக்கினு காத்திருக்க என்னால ஆவாது. இங்கியே புதைச்சிடு" என்றாள். புதைத்தோம். இங்கே கல்லறைகூடக் குத்தகைதான். குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். மேலே என்ன செடி வைக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. வாழ்நாளெல்லாம் வாடகை வீட்டில் இருந்துவிட்டுச் சொந்த வீடு வாங்கிய மனிதர், கடைசியில் மறுபடியும் வாடகை இடத்தில் படுத்திருக்கிறார்.

அம்மாவின் விசா முடிந்தது. நீட்டிக்கக் கேட்டேன், முடியாது என்றார்கள். தனியாகத் திரும்பிப் போனாள். கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் இரு என்றேன். "என் வீட்ட உட்டுட்டு நான் ஏன்டி அடுத்தவ வீட்ல போயி கெடக்கணும்" என்றாள்.

புதுத் தெரு. சுற்றிலும் வாடகைக்கு இருக்கிற கம்பெனிப் பிள்ளைகள். திருநெல்வேலிப் பேச்சு ஒரு பக்கம், கன்னடம் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம், இந்தி ஒரு பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும். அப்பாவை அங்கே சில வாரங்கள்தான் பார்த்திருக்கிறார்கள். அவர் இறந்ததை யாரும் பார்க்கவில்லை. அம்மா போய் இறங்கியதும் யாரோ, "சாரு வரலையாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அம்மா வாயில் வந்தது, "மக வீட்ல இருக்காரு. வைத்தியம் நடக்குது, முடிஞ்சதும் வந்துடுவாரு."

அதுதான் தொடக்கம். அதற்குப் பிறகு அதை நிஜமாக்க வேண்டியிருந்தது. அப்பாவின் செருப்பு வாசலில் கிடக்கும். யாரும் போடாத சட்டையை வாரம் ஒருமுறை துவைத்துக் கொடியில் போடுவாள். தினமும் பூ வாங்கி வைத்துக்கொள்வாள். கிருஷ்ணகிரிக்கு சித்தி வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே பூவை எடுத்துவிடுவாள், அங்கே எல்லோருக்கும் விஷயம் தெரியும். திரும்பி வரும்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொண்டுதான் டவுன் பஸ் ஏறுவாள். இதை அவளே எனக்குச் சொன்னாள், ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சாதாரணமாக.

எல்லாவற்றையும்விடப் பெரிய காவல் அந்தக் கார். கார் நின்றால் வீட்டில் ஆம்பளை உண்டு என்று அர்த்தம். பக்கத்து லேஅவுட்டில் தனியாக இருந்த ஒரு அம்மாவின் கழுத்துச் செயினைப் பட்டப்பகலில் வீடு புகுந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் அம்மா காரைத் தினமும் துடைக்க ஆரம்பித்தாள்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் காரை இடித்தவன் நல்லவனாக இருந்து, "சாரைப் பாத்துப் பேசணும்" என்று கேட்டு வந்து நின்றால், பயமாக இருக்காதா?

4

வேன் டிரைவரின் பெயர் முனிராஜ். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பாகலூர் பக்கம். போச்சம்பள்ளியில் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்கு எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். அம்மா கேட்டைத் திறக்காமலே, "பரவால்லப்பா, போ" என்றிருக்கிறாள். அவர் போகவில்லை.

"நீங்க பரவால்லன்னுதான்மா சொல்லுவீங்க. சாரு வந்து என்னா சொல்லுவாரோ. சாரு நம்பரு குடுங்க, நானே பேசிக்கிறேன்."

அம்மா என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அவர் போன் எடுக்கமாட்டார், மகளிடம் பேசு என்று சொல்லி. மறுநாளே எனக்கு அழைப்பு வந்தது.

"மேடம், முனிராஜ் பேசறேன். உங்க வீட்டு வண்டிய இடிச்சவன்." தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார். "சாரு இருக்காருங்களா?"

"தூங்கறார்" என்றேன். யோசிக்கவே இல்லை. அம்மாவின் பொய் எனக்குள்ளும் அவ்வளவு வசதியாக உட்கார்ந்திருந்தது.

"எழுந்தா சொல்லுங்க மேடம். ஞாயித்துக்கெழம பிட்டர கூட்டியாந்து லைட்டு, பம்பரு எல்லாம் நானே மாத்திக் குடுத்துடறேன். சாரு ஒரு வார்த்த சரின்னா போதும்."

"நான்தான் சொல்றேனே, சரி. மாத்திக் குடுங்க."

"இல்ல மேடம், சாரு வண்டி இல்லையா. சாரு சொல்லணும்."

போனை வைத்துவிட்டு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கண்டம் தாண்டிப் பிழைக்கிறேன், வீட்டுக் கடன் என் பெயரில் இருக்கிறது, என் சொல்லுக்கு ஒரு டெயில் லைட் பெறுமானம்கூட இல்லையா? பக்கத்தில் இருந்த என் மகள் ஜெனி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் சைக்கிளில் போவாள்.

"தாத்தா தூங்கறாங்க சொன்னீங்க. அது பொய் இல்லையா?" என்று தமிழில் தொடங்கி, பாதியில் ஜெர்மனுக்குத் தாவி, இறந்ததைச் சொல்ல எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று கேட்டாள். வெட்கமில்லை, பயம் என்றேன். யாருக்குப் பயம், எதற்குப் பயம் என்று கேட்டாள். ஊரில் உன் ஆயா தனியாக இருக்கிறாள் என்றேன். இங்கே நம் மாடியில் இருக்கிற கிழவிகூடத் தனியாகத்தான் இருக்கிறாள், கதவில் அவள் பெயர் மட்டும்தானே ஒட்டியிருக்கிறது என்றாள். அவளுக்கு மத்திகிரி என்பது விடுமுறையில் கொசு கடிக்கிற ஓர் ஊர், அவ்வளவுதான்.

5

சரி, அந்த ஆளே வேண்டாம், இன்சூரன்ஸில் சரி செய்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தப் பாலிசியை நானே இங்கிருந்து ஆன்லைனில் புதுப்பித்திருந்தேன், அப்பா பெயரிலேயே. அவர் போனுக்கு வந்த ஓடிபியை அம்மா படித்துச் சொன்னாள். அப்பாவின் போனை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

வாடிக்கையாளர் சேவைக்காரப் பெண் மிக மரியாதையாகப் பேசினாள். "வாகன உரிமையாளர் லைன்ல வர முடியுமா மேடம்?" என்றாள்.

முடியாது என்றேன். காரணம் கேட்டாள். இறந்துவிட்டார் என்றேன். முதல்முறையாக அதைத் தமிழில் ஓர் அந்நியரிடம் சொன்னேன். அவள் வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியானால் முதலில் ஆர்.சி.யை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும் என்று ஒப்பித்தாள்.

அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். வாரிசுச் சான்றிதழ் என்றதுமே அவள் நிமிர்ந்துவிட்டாள். சித்தப்பா இறந்தபோது அவள் பார்த்திருக்கிறாள். "வி.ஏ.ஓ. தெருவுக்கே வந்து விசாரிப்பான்டி. இந்த வீட்ல யாரு செத்தது, எப்ப செத்ததுன்னு பக்கத்துல எல்லாம் கேப்பான். நீ அங்க உக்காந்துக்கினு பேப்பர் கேக்கற. இங்க நான் இருக்கணும் இல்ல."

"அப்ப எத்தன நாளைக்கும்மா இப்பிடி?"

"நான் போற வரைக்கும்" என்றாள். குரலில் சலிப்புகூட இல்லை.

ஆக, கார் உடைந்தபடியே நின்றது. அதுவே ஆபத்து என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. இடிபட்டு வாரக்கணக்கில் கேட்பாரற்று நிற்கிற வண்டியைப் பார்த்தால், வீட்டில் ஆள் இருப்பதாக யார் நம்புவார்கள்? உடைந்த பக்கம் வெளியே தெரியாதபடி ஒரு பழைய தார்ப்பாயைப் போட்டுக் கல் வைத்தாள்.

6

முனிராஜ் விடவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அதே கேள்வி. ஒருமுறை நான் எரிந்து விழுந்தேன். "உங்களுக்கு என்னதான் வேணும்? ஓடிப்போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கு இப்பிடிப் பிடிச்சித் தொங்கறீங்க?"

வேனை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எங்க வேன் ஓனருகிட்ட எனக்கு முன்னாடி ஓட்டனவன் இப்பிடித்தான் ஒரு வண்டிய இடிச்சான். வீட்டம்மா பரவால்லன்னு அனுப்பிட்டாங்க. வெளியூரு போயிருந்த வீட்டுக்காரரு வந்து கம்பெனிக்கே போயி நின்னுட்டாரு. அன்னைக்கே டியூட்டி போச்சி. எனக்கும் ரொம்ப நாளு வேல இல்லாம இருந்து இப்பத்தான்கா கெடச்சிருக்குது. ரெண்டு பொண்ணுங்க. சாரு வந்து என்னா பண்ணுவாரோன்னு சோறே எறங்கலக்கா. அவரு வாயால ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதியா இருப்பேன்."

என் அப்பா யாரையும் வேலையிலிருந்து தூக்கச் சொல்லக்கூடியவர் அல்லர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்ட மனிதருக்குப் பயந்து, அவர் வரவே போவதில்லை என்று தெரியாமல், ஒருவன் சாப்பிடாமல் கிடக்கிறான். மறுபக்கம் அம்மா இன்னொரு பயத்தில் கிடக்கிறாள். நடுவில் நான் தினமும் ஒரு பொய் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தூங்குகிறார், குளிக்கிறார், டாக்டரிடம் போயிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு மாலையில் அவர் கல்லறைக்குப் போய்க் களை பிடுங்குகிறேன். வருட நினைவுக்கு முன்னால் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று கல்லறை அலுவலகம் ஞாபகப்படுத்தியிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது.

"முனிராஜ், அப்பா வரமாட்டார். அவர் போன வருஷமே தவறிட்டார். இங்கேயே அடக்கம் பண்ணிட்டோம்" என்றேன். "அம்மா தனியா இருக்காங்க. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. உங்க மேல யாரும் கேஸ் குடுக்கமாட்டாங்க, நீங்க நிம்மதியா இருங்க."

"அய்யோ" என்றார். "தெரியாதுக்கா. மனசுல வெச்சிக்காதீங்க." உண்மையாகவே வருத்தப்பட்டார். நானும் அழுதேன். ஒரு வருடமாக யாரோடும் சேர்ந்து இப்படி அழவில்லை. வைப்பதற்கு முன்னால் கேட்டார்.

"அப்ப கேஸ் கீஸ் ஒண்ணும் ஆவாதில்லக்கா?"

"ஆகாது."

"சரிங்கக்கா. ஞாயித்துக்கெழம வந்து லைட்டு மாத்திடறேன்" என்றார். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அவசர டியூட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டு தினமும் கூப்பிட்ட மனிதர், அந்தப் பயம் தீர்ந்ததும் என் நம்பரையே மறந்துவிட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய நேர்மை முழுக்க அப்பாவிடம் காட்டுவதற்காக வைத்திருந்தது. அப்பா இல்லை என்றதும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இங்கே நினைவுத் திருப்பலி நடந்தது. ஜெர்மன் பாதிரியார் அப்பாவின் பெயரைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். ஜெனி என் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். பூசை எப்படி நடந்தது என்று அவள் கேட்கவில்லை.

"அந்த வேன்காரன்கிட்ட சொன்னியா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இப்பெல்லாம் வேனக் கொண்டாந்து நம்ம கேட்டுக்கு நேராவே நிறுத்தறான். கேட்டத் தெறக்க முடியல. எடுப்பான்னு சொன்னா, அஞ்சு நிமிஷம்மான்னு சிரிக்கறான். வேன்ல வர்ற பொண்ணுங்க எல்லாம், ஏம்மா எங்ககிட்ட மறைச்சீங்க, நாங்க இல்லையான்னு கேக்குதுங்க. பாவம், நல்ல பொண்ணுங்கதான். அதுங்க அதத் தெருவுல நின்னு சத்தமாக் கேக்குதுங்க. மாடி ரூம்ல இருக்கற பசங்க எல்லாம் எட்டிப் பாக்கறானுங்க."

"அம்மா, அந்த ஆளு வேலை போயிடும்னு அழுதாரும்மா. அவர் சாப்பிடாம..."

"அவன் நல்லாத்தான் சாப்பிடறான்" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. தலையில் அன்றைக்குப் பூ இல்லை. "உனக்கு அவரு அங்கியே செத்துட்டாரு, மண்ணுப் போட்டுட்டு வந்துட்ட. உங்க சித்திக்கும் செத்துட்டாரு. இந்த ஒரு தெருவுலதான்டி உயிரோட இருந்தாரு. இங்கியும் கொன்னுட்ட."

நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னென்னவோ சொன்னேன். ஆள் வைக்கிறேன் என்றேன், கேமரா மாட்டலாம் என்றேன், லீவு போட்டு வருகிறேன் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வெக்கிறேன்" என்றாள். "இருட்டறதுக்குள்ள கடைக்குப் போயி இன்னொரு பூட்டு வாங்கியாரணும்."